ஆங்கில வாக்கியப் பயிற்சி வளர்ந்த வரலாறு

ஒரு மொழியைக் கற்றலாவது அம்மொழியின் சொற்களைக் கற்றலே என எண்ணுவார் உளர். சொற்கள் நூறு தெரிந்தும் வாக்கியம் ஒன்று அமைக்க இயலாது தடுமாறும் மாணாக்கனைக் கண்ட ஆசிரியர் அங்ஙனம் எண்ணார். வீடு கட்டுதற்குக் கல்லும் மரமும் வேண்டும்; ஆயினும் கல்லையும் மரத்தையும் குவித்துவைத்த இடம் வீடாகாது. சொற்களை ஒழுங்குபட நிறுத்தும் அமைப்பே மொழிக்கு உயிர்நிலை. அவ்வமைப்பை இடைநிலை வகுப்பு மாணாக்கர்க்கு எவ்வாறு பயிற்றுவது என்னும் வினா, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்த ஆசிரியர்களை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எதிர்நோக்கி நின்றது. அவ்வினாவிற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகள் யாவை, அவை தமிழ் மாணாக்கர்க்கு எத்துணைப் பயன்பட்டன என்பன இக்கட்டுரையில் ஆராயப்படும்.

தமிழ் மாணாக்கனுக்கு ஆங்கில வாக்கியம் அரிதாவது ஏன் என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். தமிழிலே ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்தில் ஏற்கும் தொழிலை வேற்றுமை உருபு காட்டுகின்றது. 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும், 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் கடிபட்டவன் மனிதனே. உருபு சொல்லோடு ஒட்டிச் செல்லுதலால், சொல் இடம்பெயரினும் பொருள் பெயர்வதில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கோ இரண்டாம் வேற்றுமை உருபு இல்லை. வினைக்கு முன்னிற்பது எழுவாய், பின்னிற்பது செயப்படுபொருள். தமிழ்ச் சொற்களையே ஆங்கில ஒழுங்கில் நிறுத்திக் காட்டின், 'நாய் – கடித்தது – மனிதன்' என்பது ஒரு பொருளையும், 'மனிதன் – கடித்தது – நாய்' என்பது அதற்கு மறுதலையான பொருளையும் தரும். அங்கே இடமே உருபாய் நிற்கின்றது.

வேறுபாடு இவ்வளவில் முடிவதன்று. 'வருகிறான்' என்பதை வினாவாக்குதற்குத் தமிழன் இறுதியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தாற் போதும். ஆங்கிலேயன் 'டூ' என்னும் துணைவினையைப் புதிதாகக் கொணர்ந்தோ, முன்னரே உள்ள துணைவினையை எழுவாய்க்கு முன்னே நகர்த்தியோ வினவுகின்றான். 'நேற்று வந்த பையன்' என்னுமிடத்துத் தமிழிற் பெயரெச்சம் பெயருக்கு முன்னே வரும். ஆங்கிலத்திற் பையன் முன்னே நிற்க, அவனைப் பற்றிய கூற்று 'ஹூ' என்னும் சொல்லைத் தலையிற் கொண்டு பின்னே வரும். 'எனக்குப் பசிக்கிறது' என நான்காம் வேற்றுமையாற் கூறப்படுவது ஆங்கிலத்தில் 'நான்' என்னும் எழுவாயைக் கொண்டு தொடங்கும். இவை மாணாக்கனின் மந்தத்தால் விளையும் பிழைகளல்ல. இரு மொழிகளின் இயல்பு வேறுபாட்டால் விளைவன. ஆகவே வாக்கியப் பயிற்சி என்பது அவனுக்கு வெறும் அலங்காரம் அன்று. இன்றியமையாத ஒரு தேவையாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஆங்கில இலக்கணம் இலத்தீன் இலக்கணத்தின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. இலிண்ட்லி மறே என்பார் 1795ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் எண்ணிறந்த பதிப்புக்களைப் பெற்று, ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகளிலெல்லாம் பரவியது. விதியை மனனம் செய்தல், அவ்விதிக்கு எடுத்துக்காட்டுக் கூறல், வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து அதன் வகை, எண், பால், காலம் முதலியவற்றை உரைத்தல் என்பனவே அக்காலத்துப் பயிற்சி. பிழையான வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்துவிக்கும் வழக்கமும் இருந்தது. வாக்கியத்தைப் பகுத்தல் உண்டு. வாக்கியத்தை ஆக்கல் குறைவு.

இம்முறை வழங்கிய காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி வேரூன்றியது. அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறி 1855ஆம் ஆண்டு வரை நிலவியது. கணிதமும் வானசாத்திரமும் மெய்யியலும் ஆண்டு ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்பிக்கப்பட்டன. தமிழும் உடன் கற்பிக்கப்பட்டது. மாணாக்கர் அங்கேயே தங்கியிருந்து பயின்றனர். ஆங்கிலம் ஒரு பாடமாக மாத்திரம் நில்லாது, பிற பாடங்களைக் கற்கும் கருவியாகவும் அமைந்தமையால், இலக்கண வகுப்பிற் பெறாத வாக்கியப் பழக்கத்தை அம்மாணாக்கர் பிற வகுப்புக்களிற் பெற்றனர். அச்செமினறியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கியமையும், தாமோதரம்பிள்ளை பின்னர்ப் பழந்தமிழ் நூற்பதிப்பிலே புகழ் ஈட்டியமையும் யாவரும் அறிந்தவை.

1880ஆம் ஆண்டில் இலங்கையிற் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் தொடங்கின. சிறிது காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் வந்தன. இந்துக்களின் முயற்சியால் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890ஆம் ஆண்டில் எழுந்தபோது, ஆங்கிலக் கல்வியின் போக்கை இப்பரீட்சைகளே வகுத்துக்கொண்டிருந்தன. வட இந்தியாவிற் கல்வித் துறையிற் பணியாற்றிய ஜே. சி. நெஸ்பீல்ட் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதிய இலக்கண நூல்கள் இந்திய உபகண்டம் எங்கும் பரவின. 1930களில் றென், மார்ட்டின் என்னும் இருவர் எழுதிய நூல் அவற்றின் வழியிலே வந்து நிலைபெற்றது. சொல்லிலக்கணங் கூறலும் வாக்கியப் பகுப்பும் அந்நூல்களிற் பெரிதும் இடம்பெற்றன. தனிவாக்கியம், கூட்டுவாக்கியம், கலப்பு வாக்கியம் எனப் பகுத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பயிற்சியும் அவற்றில் உண்டு. இம்மாற்றற் பயிற்சி பயனுடையதே. ஆயினும், முன்னரே மொழியை ஓரளவு கையாளத் தெரிந்தவனுக்குத்தான் அது பயன் தரும். வாக்கியம் அமைக்கத் தெரியாதவன் எதனை எதுவாக மாற்றுவான்?

இந்நிலைக்கு மாறான ஒரு சிந்தனை தமிழகத்தோடு தொடர்புடைய ஒருவரிடமிருந்து பிறந்தது. சென்னை மாகாணத்திலே கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையிற் பல ஆண்டுகள் பணியாற்றிய தோமஸ் பிரெண்டர்காஸ்ட் என்பார், ஓய்வு பெற்றுத் தாய்நாடு மீண்டபின், 1864ஆம் ஆண்டில் மொழிகளைக் கைவசமாக்கும் முறை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். குழந்தைகள் சொற்களைத் தனித்தனியே கற்பதில்லை. தொடர்களாகவே கேட்டுப் பழகி, அத்தொடர்களின் உறுப்புக்களை மாற்றிமாற்றிப் புதிய தொடர்களை ஆக்குகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. ஆதலால் அமைப்புக்கள் பல செறிந்த நீண்ட வாக்கியம் ஒன்றைத் தேர்ந்து, அதனைத் தங்குதடையின்றிச் சொல்லும் அளவிற்குப் பழகி, பின்னர் அதன் உறுப்புக்களை மாற்றி நூற்றுக்கணக்கான வாக்கியங்களை ஆக்கலாம் என அவர் வகுத்தார். ஆசிரியர் உலகு அன்று அவரைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. எனினும் பிற்காலத்து வாக்கியப் பயிற்சி முறைகள் யாவற்றிற்கும் வித்து அந்நூலிற் கிடந்தது எனலாம்.

ஐரோப்பாவிலே 1882ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் வீற்றர் என்னும் ஜேர்மானியர் மொழிக் கல்வி திசை திரும்ப வேண்டுமெனக் குரல் எழுப்பினார். எழுத்துக்கு முன் பேச்சு, தனிச்சொல்லுக்கு முன் தொடர், விதிக்கு முன் வழக்கு என்பன அவ்வியக்கத்தாரின் கொள்கைகள். இங்கிலாந்திலே ஹென்றி சுவீற் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும், டென்மார்க்கிலே ஒற்றோ ஜெஸ்பேர்சன் எழுதிய நூலும் அக்கொள்கைகளுக்கு அறிவியல் அடிப்படை தந்தன. மறுபுறம், அமெரிக்காவில் 1878ஆம் ஆண்டு தொடங்கிய பேர்லிற்ஸ் பள்ளிகள், தாய்மொழியை வகுப்பறையினின்றும் முற்றாக விலக்கிய நேர்முறையைப் பரப்பின. சிறிய வகுப்பு, விரும்பிக் கற்கும் முதியோர், அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் என்னும் மூன்றும் கூடியவிடத்து நேர்முறை சிறந்தது. நாற்பது சிறுவர் நெருங்கியிருக்கும் கிராமப் பாடசாலையில் அம்மூன்றும் கிட்டுதல் அரிது.

வாக்கியப் பயிற்சிக்கு ஒழுங்கான உருவம் கொடுத்தவர் ஹரோல்ட் பாமர் ஆவர். பெல்ஜியத்திலே மொழி ஆசிரியராயிருந்து, முதலாம் உலகப்போர் மூண்டபோது இங்கிலாந்து மீண்ட இவர், இலண்டனிற் பல்கலைக்கழக விரிவுரையாளராய் விளங்கி, 1922ஆம் ஆண்டில் யப்பானிய அரசின் கல்வி ஆலோசகராக அந்நாடு சென்றார். 1923ஆம் ஆண்டில் ஆங்கிலம் கற்பித்தலை ஆராயும் நிறுவனம் ஒன்று தோக்கியோவில் அவர் தலைமையில் எழுந்தது. யப்பானிய மொழியும் தமிழைப்போல வினையை இறுதியிற் கொள்வது. சொல்லின் தொழிலைப் பின்னே ஒட்டும் இடைச்சொல்லாற் காட்டுவது. ஆதலின் யப்பானிய மாணாக்கரின் இடர்ப்பாடும் தமிழ் மாணாக்கரின் இடர்ப்பாடும் பலவாற்றானும் ஒத்தவை. அங்கே கண்ட அனுபவம் ஈண்டைக்கும் ஏற்றதாயமைந்தது இதனாலேயாம்.

பாமரின் பிரதியீட்டு அட்டவணை குறிப்பிடத்தக்கது. ஒரு வாக்கியத்தை நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிரலிலும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கத்தக்க சொற்கள் எழுதப்படும். முதல் நிரலில் எழுவாய்கள் ஐந்து, இரண்டாம் நிரலில் வினைகள் ஐந்து, மூன்றாம் நிரலிற் செயப்படுபொருள்கள் ஐந்து எனக் கொண்டால், பதினைந்து சொற்களிலிருந்து 125 வாக்கியங்கள் பிறக்கும். காலங் காட்டும் சொற்கள் ஐந்தை நான்காம் நிரலிற் சேர்த்தால் 625 வாக்கியங்களாகும். எந்த நிரலில் எதனை எடுத்தாலும் பிழை நேராதவாறு அட்டவணை அமைக்கப்படும். மாணாக்கன் விதியை அறியாமலே ஒழுங்கைக் கைக்கொள்கின்றான். அச்சமின்றி வாய் திறக்கின்றான். சோம்பலுள்ள ஆசிரியர் கையில் இதுவே பொருளறியா ஓதலாக மாறக்கூடும் என்பதும் உண்மை. 'என் பாட்டி ஒவ்வொரு நாளும் சைக்கிள் ஓடுகிறாள்' என்பது இலக்கணத்தாற் பிழையற்றது. ஆயினும் அதனைச் சொல்லும் மாணாக்கன் சிரிக்காவிடின், அவன் பொருளை நோக்கவில்லை என்றே ஆசிரியர் அறிதல் வேண்டும்.

பாமர் 1936ஆம் ஆண்டில் யப்பானை விட்டு நீங்கியபின், அவருடன் உழைத்த ஏ. எஸ். ஹோண்பி அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். ஆங்கில வினைகள் தம் பின்னே எவ்வகை உறுப்புக்களை ஏற்கும் என்பதைக் கொண்டு வினைகளை இருபத்தைந்து அமைப்புக்களாக அவர் வகுத்தார். அவ்வமைப்புக்களை இலக்கமிட்டுக் காட்டும் அகராதி 1942ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்தது. அதுவே 1948ஆம் ஆண்டு முதல் ஒக்ஸ்போட் வெளியீடாக உலகெங்கும் பரவிற்று. வாக்கிய அமைப்புப் பற்றிய அவரது வழிகாட்டி நூல் 1954ஆம் ஆண்டில் வந்தது. ஒரு வினைச்சொல்லின் பொருளை மாத்திரம் அறிந்தவன் அதனைக் கையாளமாட்டான். அதன் பின்னே வருவது யாது என்பதையும் அறிந்தவனே கையாளுவான் என்னும் பேருண்மையை ஹோண்பி ஆசிரியர்க்கு உணர்த்தினார். 'விரும்புகிறேன்' என்னும் பொருளுடைய ஆங்கில வினைகள் சில 'டூ' என்பதோடு கூடிய வினையை ஏற்கும். சில 'இங்' ஈற்றுச் சொல்லை ஏற்கும். சில இரண்டையும் ஏற்கும். இதனைத் தமிழ் வழியே ஊகித்தறிதல் இயலாது.

அமெரிக்காவிலே சாள்ஸ் பிறீஸ் என்பார் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் 1941ஆம் ஆண்டு முதல் மற்றொரு வழியில் இதே முடிவிற்கு வந்தார். கற்பவனின் தாய்மொழி அமைப்பையும் கற்கும் மொழியின் அமைப்பையும் ஒப்பிட்டு, வேறுபடுமிடங்களிலே பயிற்சியை மிகுவித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1945ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இதனை விளக்கியது. மொழி என்பது பழக்கத் தொகுதி. பழக்கம் மீட்டலால் வரும் என்னும் உளவியற் கருத்தும் இதனோடு சேர்ந்தமையால், கேட்டுச் சொல்லல், மாற்றிச் சொல்லல், மீண்டும் மீண்டும் சொல்லல் என்பன வகுப்பறையில் முதலிடம் பெற்றன.

இவ்வோட்டத்திற்கு மாறாக ஒரு குரல் வங்காளத்திலிருந்து எழுந்தது. டாக்காவிலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ற், இரு மொழிக் கல்வி பற்றிய தம் ஆய்வை 1926ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவர்களிற் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே பாடசாலையை விட்டு நீங்குவதை அவர் கண்டார். காப்புறுதிப் பத்திரம் ஒன்றை இடையிலே கைவிடுவோனுக்கும் ஒரு தொகை மீள்வதுபோல, இடையிலே நீங்கும் மாணாக்கனுக்கும் அவன் கற்ற அளவிற்கு ஒரு பயன் கைக்கு வரல் வேண்டும் என அவர் வாதித்தார். இரண்டு ஆண்டு வாக்கியத்தைப் பகுத்தவனிடத்து எஞ்சுவது யாது? எளிய நூல்களை வாசிக்கப் பழகியவனிடமோ அவ்வாசிப்பு எஞ்சும் என்றார். சொற்றொகையைக் கட்டுப்படுத்திய வாசிப்பு நூல்களை அவர் ஆக்கியதும் இக்கருத்தாலேயே. எம்முறையை ஆராயினும் வெஸ்ற் எழுப்பிய இவ்வினாவை அதற்கு இட்டு நோக்குதல் நன்று.

நாடுகள் சுதந்திரம் அடைந்தபின் வாக்கிய அமைப்புமுறை தமிழகத்திற் பெருவழக்காயிற்று. 1950களின் தொடக்கத்திற் சென்னை மாகாணத்தில் அமைப்புக்களைப் படிமுறையாகக் கொண்ட பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆங்கிலத்திற்கென மத்திய நிறுவனம் ஒன்று தோன்றியது. 1959ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை இயக்கம் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களை இம்முறையிற் பழக்க முற்பட்டது. சிலரைப் பயிற்றி, அவர் பலரைப் பயிற்ற, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றுதல் என்பது அதன் திட்டம். உருண்டுருண்டு பருக்கும் பனிப்பந்தின் பெயரால் அவ்வியக்கம் வழங்கப்பட்டது. ஆனால் கைமாறுந்தோறும் முறையின் உயிர் குறைந்தது. பொருளைக் கையிற் பிடித்துக் காட்டி, செயலைச் செய்து காட்டி, தேவையான சூழ்நிலையை உண்டாக்கி அமைப்பைப் புகுத்துதல் வேண்டும் என்பது மூலவிதி. கடைசி வகுப்பறையைச் சேர்ந்தபோது எஞ்சியது பெரும்பாலும் ஆசிரியர் சொல்ல வகுப்பு ஒருமித்துத் திருப்பிச் சொல்லும் ஓசையே.

இலங்கையில் இவ்வினா இன்னும் கூர்மை பெற்றது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை தாங்கிய கல்விக் குழுவின் அறிக்கை 1943ஆம் ஆண்டில் வெளிவந்தது; 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே ஆரம்ப வகுப்புக்களிற் தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1953ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பிலும், தொடர்ந்து ஏனைய மேல்வகுப்புக்களிலும் அம்மாற்றம் சென்றது. தாய்மொழிவழிக் கல்வி நியாயமானது, நெடுங்காலம் வேண்டிநின்றது. அறிவைத் தன் மொழியிற் பெறும் உரிமை எந்தக் குழந்தைக்கும் மறுக்கப்படலாகாது. ஆயினும் அதனுடன் ஒரு விளைவும் வந்தது. வட்டுக்கோட்டை மாணாக்கனுக்குக் கணித வகுப்பும் வானசாத்திர வகுப்பும் தந்த ஆங்கில வாக்கியப் பழக்கம் இனி எந்த மாணாக்கனுக்கும் கிட்டாது. நாளொன்றுக்கு ஒரு பாடவேளையே அவனுக்கும் ஆங்கிலத்திற்கும் உள்ள உறவு முழுவதும் என்றாயிற்று.

அன்று தொட்டு அப்பாடவேளையில் நிகழும் வாக்கியப் பயிற்சியின் பொறுப்பு பன்மடங்காயிற்று. வீட்டிலே ஆங்கிலம் வழங்கும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாடசாலையில் நிகழும் குறை வீட்டில் நிறையும். தோட்டத்தையும் கடலையும் நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு அக்குறையை நிறைக்க வேறிடம் இல்லை. இலவசக் கல்வி அவனுக்குக் கதவைத் திறந்தது; ஆங்கில வாக்கியம் அமைக்கவியலாமை மற்றொரு கதவைச் சாத்தியது. பிற்காலத்திற் பல்கலைக்கழகங்களிற் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று குறித்தமை கவனிக்கத்தக்கது. வைத்திருப்பவன் இல்லாதவனை வெட்டுதற்குரிய கருவி என்பது அச்சொல்லின் உட்கிடை. தமிழ் மாணவர் அச்சொல்லை வழங்காவிடினும் அவ்வாளின் கூர்மையை அறியாதவரல்லர். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி எனக் கூறியது. 2000களின் தொடக்கத்திற் சில பாடசாலைகளிற் சில பாடங்களை ஆங்கிலத்திற் கற்கவும் இடமளிக்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலான மாணாக்கர்க்கு ஆங்கிலப் பாடவேளையே ஆங்கிலத்தின் முழு உலகமாய் இருந்துவந்துள்ளது.

இதற்கிடையிலே மீட்டற் பயிற்சியின் அடிப்படையே அசைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டில் நோம் சொம்ஸ்கி, மொழியைப் பழக்கத் தொகுதியாகக் கொண்ட உளவியற் கொள்கையை வன்மையாகக் கண்டித்து எழுதினார். மனிதன் முன் கேளாத வாக்கியங்களையும் ஆக்குகின்றான். கேட்டதைத் திருப்பிச் சொல்வதால் மாத்திரம் இவ்வாற்றல் வராது என்பது அவர் வாதத்தின் சாரம். 1978ஆம் ஆண்டில் ஹென்றி விடோசன், வாக்கியத்தைப் பிழையின்றி அமைத்தல் வேறு, வேண்டிய இடத்தில் வேண்டிய பொருளுக்கு அதனைப் பயன்படுத்தல் வேறு எனப் பிரித்துக் காட்டினார். புத்தகத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு 'இது புத்தகம்' என்று நாற்பது பேர் கூறுவது வாக்கியமாகும். ஆனால் எவருக்கும் எதனையும் அறிவித்ததாகாது. தென்னிந்தியாவிலே என். எஸ். பிரபு 1979ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை நடத்திய வகுப்பறைச் சோதனையில் அமைப்புப் பயிற்சி அறவே கைவிடப்பட்டது. புகையிரத நேர அட்டவணை, நிலப்படம், சிறு கணக்கு முதலியவற்றை வைத்து மாணாக்கர் சிந்தித்து விடை காணுமாறு செய்யப்பட்டது. சிந்தனை பொருளிற் பதிந்திருக்க, அமைப்புத் தானே படியும் என்பது அவர் துணிபு.

அவ்வாறாயின் வாக்கியப் பயிற்சி வீண் என்று தள்ளுதல் தகுமோ? தகாது. பயிற்சியைக் கண்டித்தோர் பலர் ஆங்கிலத்தை நாள் முழுதும் கேட்கக்கூடிய சூழலிலே சிந்தித்தவர்கள். பாடவேளை ஒன்றன்றி வேறு வாய்ப்பில்லாத மாணாக்கனுக்கு, இடமே உருபாய் நிற்கும் மொழியின் ஒழுங்கு தானே படியும்வரை காத்திருக்கக் காலமில்லை. மறுபுறம், பயிற்சியை மாத்திரம் நம்பியோர் கண்டதோ பனிப்பந்து கரைந்த கதையே. இருநூறு ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. பகுத்தவன் பகுப்பிலேயே நின்றபோதும், மீட்டவன் மீட்டலிலேயே நின்றபோதும் முறை தோற்றது. பயிற்சியின் முடிவிலே மாணாக்கன் தான் கருதிய ஒன்றைத் தன் வாக்கியத்தாற் கூறியவிடத்து, முறை எதுவாயினும், அது வென்றது. ஏணியைக் குறை கூறியவரும் உளர், ஏணியையே வீடாகக் கொண்டவரும் உளர். ஏறிச் சேர்ந்தவர் சிலரே.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தார்க்கு மேனாட்டு நூல்கொண்டு உணர்த்தவேண்டுவதில்லை. நாப்பழக்கம் என்பது இங்கே பண்டுதொட்டு மதிக்கப்பட்டது. திண்ணைப் பள்ளியில் நிகண்டும் நன்னூலும் மனனம் செய்யப்பட்டன. ஆயினும் மனனம் செய்தவன் அவ்வளவில் நின்றானல்லன். கோயில்களிலே புராணபடனம் நிகழுங்கால் ஒருவர் பாட்டை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். மனனத்தின் நிறைவு பயன் சொல்லுதலே. சபை முன்னிலையில் தன் சொல்லாற் பொருள் விரிக்க வல்லவனையே ஊர் கற்றவன் என மதித்தது.

ஆங்கில வாக்கியப் பயிற்சிக்கும் இதுவே அளவுகோலாதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆங்கிலத்திலே 'ஹூ' என்னும் சொல்லாற் பெயரைப் பின்தொடரும் அமைப்பை எட்டாம் வகுப்பிற் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், முதலில் 'நேற்று வந்த பையன்' என்னும் தமிழ்த் தொடரையும் அதற்கு நேரான ஆங்கிலத் தொடரையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, பெயர் நிற்கும் இடம் மாறுவதை ஒரு நிமிடத்திற் காட்டலாம். இது பிறீஸ் கூறிய ஒப்பீடு. அடுத்து, மூன்று நிரலுள்ள அட்டவணையால் ஐந்து நிமிடம் வாய்ப்பழக்கம் தரலாம். இது பாமர் காட்டிய வழி. பின்னர், ஊரிலுள்ள ஒருவரைப் பெயர் கூறாமல் அவர் செய்யும் தொழிலால் விவரித்து, மற்றவர் கண்டுபிடிக்குமாறு ஒவ்வொரு மாணாக்கனும் ஒரு வாக்கியம் சொல்லலாம். வலை பின்னுபவர், தபால் கொணர்பவர், கோயில் மணி அடிப்பவர் என அவன் அறிந்த உலகம் அவ்வாக்கியத்திற் புகும். இறுதியில் அவற்றுள் நான்கை அவன் எழுதி வைத்தால், அன்று அவன் பாடசாலையை விட்டு நீங்க நேரினும், வெஸ்ற் வேண்டிய பயன் அவன் கையில் எஞ்சும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கரும்பலகையும் வெண்கட்டியும், மாணாக்கன் சொல்வதைக் கேட்கும் பொறுமையும் போதும். பிழையோடு பிறந்த முதல் வாக்கியத்தைச் சிரிப்பால் மாய்க்காதிருத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது. விதியைத் தவறாகச் சொன்னவன் நாளை திருந்துவான். வாய் திறக்க அஞ்சியவன் திருந்துதல் அரிது.

மறேயின் விதியும், பிரெண்டர்காஸ்டின் தொடரும், பாமரின் அட்டவணையும், ஹோண்பியின் வகுப்பும் ஆசிரியர்க்குக் கிடைத்த முதுசொம். முதுசொத்தைப் பூட்டிவைத்தலும் பிழை. அதனை அழித்தலும் பிழை. பயிரிட்டு அடுத்த தலைமுறைக்கு அளித்தலே அறம். பிறப்பாற் கிடையாத ஒரு மொழியைப் பயிற்சியாற் பெறலாம் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்பது இலவசக் கல்வி. அந்நம்பிக்கை மெய்யாவதும் பொய்யாவதும் மாணாக்கன் ஒருவன் எழுந்து நின்று, எவரும் எழுதிக் கொடாத ஒரு வாக்கியத்தைத் தானே அமைத்துச் சொல்லும் அந்நொடியிலேயே தீர்மானிக்கப்படுகின்றது.